டாஸ் போட்டாச்சு, சேனலைக் காணோம்!

வாசகர் கேள்வி – பதில்

ரெண்டு மாசமா வந்த லெட்டரு, வாட்ஸ்அப்பு எல்லாத்தையும் அடுக்கி வச்சுப் பார்த்தா பாதிக்கு மேல ஒரே புலம்பல்தான், மேட்ச் பாக்க உக்காந்தா சேனல் வரமாட்டேங்குதுன்னு. பட்டா மாத்தறது, சக்கரை வியாதி, மாங்கா விலை எல்லாத்தையும் அடுத்த இதழுக்குத் தள்ளிட்டு இந்தத் தடவை இதை மட்டும் எடுத்துக்கறேன். பேரு போடாதீங்கன்னு நிறைய பேரு எழுதியிருக்கீங்க, அதனால ஊரு மட்டும். (கேபிள்காரர் கோவிச்சுக்குவாருன்னு பயமாம். ஒரே தெருவுல குடியிருக்கறவங்க, நியாயமான பயம்தான்.)

கேள்வி: தக்காளி மண்டியில ராத்திரி லோடு ஏத்தற வேலைங்க எனக்கு. ஆபீஸ் ரூம்ல ஒரு டிவி கெடக்கு, லாரி வர்ற வரைக்கும் அதுதான் எங்களுக்குத் துணை. அன்னைக்கு டாஸ் போடற வரைக்கும் படம் பளிச்சுன்னு வந்துச்சு, அப்புறம் ஸ்க்ரீன் நீலமா மாறி என்னமோ எழுத்து ஓடுது. கேபிள்காரருக்கு ஃபோன் போட்டா "மேல கட் பண்ணிட்டாங்கண்ணா, என் கையில ஒண்ணுமில்ல"ங்கறார். அந்த 'மேல' யாருங்க? – பாலக்கோடு வாசகர்

பதில்: இந்த 'மேல'ங்கற வார்த்தையை நானும் வருஷக்கணக்கா கேட்டுட்டுதான் இருக்கேன், என்னமோ சாமி முடிவு பண்ற மாதிரி சொல்லுவாங்க. நீங்க மண்டியில இருக்கறவர், உங்களுக்கு மண்டிக் கணக்குலயே சொல்லிடறேன். சேனல் கம்பெனிதான் தோட்டக்காரர், சரக்கு அவங்களோடது. அதை மொத்தமா வாங்கி ஊர் ஊரா அனுப்பற பெரிய கேபிள் கம்பெனிக்கு எம்எஸ்ஓன்னு பேரு, அவங்கதான் மண்டி. உங்க தெருவுல ஒயர் இழுத்து விட்டிருக்கற அண்ணன் தள்ளுவண்டிக்காரர். தோட்டக்காரருக்கும் மண்டிக்கும் ரேட்டுல தகராறு வந்தா தக்காளி மண்டிக்கே வராது, ஆனா வீட்டம்மா யாரைத் திட்டுவாங்க? தள்ளுவண்டிக்காரரைத்தான். டிஷ் வச்சிருக்கறவங்களுக்கு இந்தத் தள்ளுவண்டி இல்ல, மத்தபடி தகராறு அதேதான்.

தகராறு எதுக்குன்னா காசுதான், வேறென்ன. ஒரு சேனலுக்கு நீங்க கட்டற ரேட்டுல குறைஞ்சது 20 சதவீதம் அதைக் கொண்டுவந்து சேக்கற கம்பெனிக்கு, மிச்சத்துல பெரும்பகுதி சேனல் கம்பெனிக்குப் போவும். சேனல்காரங்க ஏன் இவ்வளவு கெடுபிடி பண்றாங்கன்னு கேட்டா, ஐபிஎல்லை 2023ல இருந்து 2027 வரைக்கும் காட்டறதுக்கான உரிமையை பிசிசிஐ 2022 ஜூன்ல ஏலம் விட்டுச்சே, அது மொத்தம் 48,390 கோடி ரூபாய்க்குப் போச்சு. டிவிக்கு மட்டும் 23,575 கோடி. அந்த மொத்தத் தொகையை 410 மேட்ச்சுன்னு வச்சு வகுத்துப் பாருங்க, ஒரு மேட்ச்சுக்கு 118 கோடி சொச்சம் வருது. அவ்வளவு கொட்டினவங்க அதை விளம்பரத்துலயும் நம்ம மாசக் காசுலயும்தான் திருப்பி எடுத்தாகணும். மண்டிக்காரரோ, ரேட்டு ஏத்தினா என் கஸ்டமர் ஓடிருவான்னு அழுவார். ரெண்டு பேரு சொல்றதுலயும் கொஞ்சம் உண்மை இருக்கு, அதுதான் எரிச்சல்.

அது ஏன் கரெக்டா மேட்ச் அன்னைக்கே போவுதுங்கறீங்களா? கல்யாணத்தன்னைக்கு விடியக்காலைல சமையல்காரர் அடுப்பைப் பத்த வைக்காம ரேட் பேசினா எப்படி? அப்பதான பேச்சுக்கு மதிப்பு. மேட்ச் இல்லாத நாள்ல ஸ்போர்ட்ஸ் சேனலை நிறுத்தினா யாருக்கும் தெரியக்கூடத் தெரியாதே.

ஆனா ஒண்ணு, எல்லாத்தையும் 'மேல' கணக்குல எழுதிடாதீங்க. பக்கத்து வீட்டுல ஓடி உங்க பாக்ஸ்ல மட்டும் ஓடலைன்னா ரீசார்ஜ் முடிஞ்சிருக்கும், இல்ல உங்க பேக்ல இருந்து அந்த சேனலை எடுத்திருப்பாங்க. ஊரு பூராவும் போயிருந்தாத்தான் அது பெரிய எடத்துச் சண்டை. இதுல நானே மாட்டுன கதை ஒண்ணு இருக்கு, கீழ வருது.

கேள்வி: 2023 பிப்ரவரில ஒரு வாரம் பாதி சேனல் வராம கெடந்தோமே, அன்னைக்கு நெசமா என்னதாங்க நடந்துச்சு? ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க. – காவேரிப்பட்டணம் வாசகர், மாங்கூழ் பேக்டரி

பதில்: ஞாபகம் வச்சிருக்கீங்களே! அதுக்குக் கொஞ்சம் பின்னாடி போவணும். 2019 பிப்ரவரி 1ல இருந்துதான் 'வேணுங்கற சேனலுக்கு மட்டும் காசு'ங்கற திட்டம் வந்துச்சு. ட்ராய்ங்கற ஒழுங்குமுறை ஆணையம் கொண்டுவந்தது. அப்ப முதல் 100 சேனலுக்கு 130 ரூபா, ஜிஎஸ்டி சேத்து 153 ரூபா 40 பைசா, அதுக்கு மேல காசு சேனலுக்கெல்லாம் தனித்தனி ரேட்டு. அடுத்த வருஷமே 130 ரூபாய்க்கு 200 சேனல்னு மாத்தினாங்க, கூட ஒரு கண்டிஷன், பேக்குக்குள்ள போடற சேனல் 12 ரூபாய்க்கு மேல இருக்கக் கூடாதுன்னு. சேனல்காரங்க கோர்ட்டுக்குப் போனாங்க, இழுத்துது. கடைசில 2022 நவம்பர் 22ந் தேதி ட்ராய் இறங்கி வந்து, 19 ரூபா வரைக்கும் இருந்தாலும் பேக்குல போட்டுக்கலாம், பேக்குக்கு 45 சதவீதம் வரைக்கும் தள்ளுபடி குடுக்கலாம்னு விதியை மாத்துச்சு. 2023 பிப்ரவரி 1ல இருந்து அமல்.

சேனல்காரங்க புது ரேட் கார்டு போட்டாங்க. டிஸ்னி ஸ்டார், சோனி, ஜீ மூணு பேரும் இதுக்குக் கையெழுத்து போடுங்கன்னு ஒப்பந்தத்தை நீட்டினாங்க. ஏஐடிசிஎஃப்னு பெரிய கேபிள் கம்பெனிங்களோட சங்கம் ஒண்ணு இருக்கு, அதுல இருக்கறவங்க போட மாட்டோம்னுட்டாங்க, விலை ஏறினா சனங்க கேபிளை விட்டுட்டு ஃபோனுக்குப் போயிருவாங்கன்னு கேரளா ஹைகோர்ட்ல கேசும் போட்டாங்க. மத்தவங்கல்லாம் போட்டுட்டாங்க, உங்களுக்கு மட்டும் என்னன்னு சேனல்காரங்க கேட்டாங்க. பிப்ரவரி 18 சனிக்கிழமை, சிக்னல் கட். நாலரைக் கோடி வீட்டுல சேனல் போச்சுன்னு சங்கம் சொன்னுச்சு.

அன்னைக்கு என்ன மேட்ச்சுங்கறீங்க? டெல்லி டெஸ்ட்டு, ஆஸ்திரேலியா கூட, ரெண்டாவது நாளு. அடுத்த நாள் ஞாயித்துக்கிழமை காலைல 61க்கு 1 விக்கெட்னு இருந்த ஆஸ்திரேலியா 113க்கு ஆல் அவுட், ஜடேஜா 42 ரன்னு குடுத்து 7 விக்கெட்டு! அதைப் பாக்காம நாலரைக் கோடி வீடு. அந்த வாரமே 23ந் தேதி பொண்ணுங்க டி20 உலகக் கோப்பை செமி ஃபைனல்ல கேப்டவுன்ல 5 ரன்னுல தோத்தோம், ஹர்மன்ப்ரீத் பேட்டு தரையில சிக்கி ரன் அவுட் ஆச்சே அதேதான். அதுவும் எத்தனை வீட்டுக்கு வந்துச்சோ.

முடிவு என்னாச்சுன்னா ஒரு வாரத்துக்குள்ள சங்கத்துக்காரங்க கையெழுத்து போட்டாங்க, சேனல் வந்துருச்சு. ஜடேஜாவோட அந்த 7 விக்கெட்டு திரும்ப வரல.

கேள்வி: என் மச்சான் வீட்டு மாடியில ஒரு சின்னத் தட்டு வச்சிருக்கான், மாசக் காசு ஒரு பைசா கெடையாது, டிடி ஸ்போர்ட்ஸ்ல இந்தியா மேட்ச் ஓடுது. எங்க வீட்டுக் கேபிள்லயும் அதே டிடி ஸ்போர்ட்ஸ் வருது, ஆனா அதுல அந்த நேரத்துக்கு வேற என்னமோ ஓடுது. காசு கட்றவனுக்கு இல்ல, கட்டாதவனுக்கு உண்டா? – ஊத்தங்கரை வாசகர்

பதில்: இந்த மாசத்துல வந்த கேள்வியிலயே எனக்கு ரொம்பப் புடிச்சது இதுதான், ஏன்னா பதில் கேட்டா உங்களுக்கு இன்னும் கோவம் வரும்.

1993ல ஹீரோ கப்னு ஒண்ணு நடந்துச்சு, ஈடன் கார்டன்ல ஃபைனல்ல கும்ளே 12 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்தாரே. அந்தப் போட்டியைக் காட்டற உரிமையைப் பெங்கால் கிரிக்கெட் சங்கம் ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக்கு வித்துட்டாங்க. தூர்தர்ஷன் விடல, எங்களைக் கேக்காம யாரு காட்டறதுன்னு. அந்தக் கேசுலதான் 1995ல சுப்ரீம் கோர்ட்டு, காத்துல போற அலைவரிசை பொதுச் சொத்து, அரசாங்கத்துக்கு மட்டும் ஏகபோகம் கெடையாதுன்னு தீர்ப்பு குடுத்துச்சு. இன்னைக்கு இத்தனை தனியார் சேனல் இருக்குன்னா அதுக்கு ஒரு கிரிக்கெட் சண்டை காரணம்னு சொன்னா நம்புவீங்களா.

அதுக்கப்புறம் தலைகீழாச்சு. உரிமை பூரா தனியார் கைக்குப் போயி தூர்தர்ஷன் மட்டும் வச்சிருக்கற கிராமத்துக்காரங்க பாக்க வழியில்லாமப் போச்சு. 2004ல இந்தியா பாகிஸ்தானுக்குப் போனப்ப உரிமை டென் ஸ்போர்ட்ஸ்கிட்ட, கோர்ட்டு வரைக்கும் போயி அவங்க லோகோவோட, அவங்க விளம்பரத்தோடயே தூர்தர்ஷன்ல காட்டினாங்க. இப்படி ஒவ்வொரு தடவையும் கோர்ட்டுப் படி ஏறிட்டு இருக்க முடியாதுன்னு 2007ல ஒரு சட்டம் போட்டாங்க. நாட்டுக்கு முக்கியமான போட்டின்னு அரசாங்கம் அறிவிச்சதை, உரிமை வச்சிருக்கறவங்க தூர்தர்ஷனை நடத்தற பிரசார் பாரதிக்கு லைவா குடுத்தே ஆகணும், அதுல வர்ற டிவி விளம்பர வருமானத்துல 75 பங்கு அவங்களுக்கு, 25 பங்கு பிரசார் பாரதிக்கு. நல்ல சட்டம்தான்.

இங்கதான் ஓட்டை. கேபிள்காரங்க எல்லாரும் டிடி சேனலைக் கட்டாயம் காட்டணும்னு ஏற்கெனவே ஒரு விதி இருக்கு. அப்ப டிடியில மேட்ச் ஓடினா கேபிள்லயும் ஓடும், எவன் எங்க ஸ்போர்ட்ஸ் சேனலைக் காசு குடுத்து வாங்குவான்னு உரிமைக்காரங்க கேசு போட்டாங்க. 2017 ஆகஸ்ட்டுல சுப்ரீம் கோர்ட்டு, சட்டப்படி வாங்கின அந்த சிக்னலை தூர்தர்ஷன் தன்னோட ஆன்டெனா ஒளிபரப்புலயும், தன்னோட டிடிஎச்சான ஃப்ரீ டிஷ்லயும் மட்டும்தான் காட்டலாம், கேபிளுக்கும் தனியார் டிஷ்ஷுக்கும் போவக் கூடாதுன்னு சொல்லிருச்சு. அதனாலதான் உங்க மச்சான் வீட்டுல மேட்ச்சு, உங்க வீட்டுல வேற நிகழ்ச்சி.

சட்டத்தைப் படிச்சா தீர்ப்பு புரியுது, அதுல குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா கூலி வேலை செஞ்சு மாசம் கேபிள் காசு கட்டற குடும்பம் ஏழைக் கணக்குல வராதுன்னு ஆயிருச்சு பாருங்க, அதுதான் எனக்கு ஒத்துக்கல. ஃப்ரீ டிஷ் வாங்கறதா இருந்தா தட்டு, பாக்ஸு, ஆள் கூலி எல்லாம் ஒரு தடவைச் செலவுதான், அப்புறம் மாசக் காசு இல்ல. 93.5 டிகிரில இருக்கற ஜிசாட்-15 பக்கம் திருப்பணும், அது தெரிஞ்ச ஆளாப் பாத்துக் கூப்பிடுங்க, மச்சானை மாடியேத்தி விட்டுட்டுக் கீழ இருந்து "வருது... வரல... போச்சு"ன்னு கத்தாதீங்க. ஐபிஎல் அந்த முக்கியப் போட்டி லிஸ்ட்டுல கெடையாது, அதை நம்பி வாங்கிட்டு என்னைத் திட்டாதீங்க.

கேள்வி: வீட்டுல தெலுங்கு, தெருவுல கன்னடம், ஸ்கூல்ல தமிழு படிச்சவன் நான். ஆர்சிபி ரசிகன். கன்னட கமெண்ட்ரி சேனல் கேட்டா, தமிழ்தான் பேக்ல இருக்குங்கறாங்க. – ஓசூர் வாசகர்

பதில்: தனியாக் கேட்டு வாங்குங்க, ஒரு சேனலை மட்டும் தனியா எடுக்க உங்களுக்கு உரிமை இருக்கு, அவங்க பேக்கைத்தான் எடுக்கணும்னு கட்டாயமில்ல. 2024 மே 18ல எங்க சென்னையை 27 ரன்னுல வெளிய அனுப்பினீங்க, 2025ல கப்பும் அடிச்சிட்டீங்க, அப்பறம் என்னங்க, எந்த பாஷையில கேட்டாலும் இனிப்பாத்தான் இருக்கும். பதில் எழுதறதே பெரிய விஷயம், போங்க.

கேள்வி: போன வருஷம் பொண்ணுங்க உலகக் கோப்பை ஜெயிச்சதுல இருந்து ஏழாவது படிக்கற என் மக பேட்டைக் கீழ வைக்க மாட்டேங்கறா. அவ பாக்கறதுக்காகவே ஸ்போர்ட்ஸ் சேனல் போடச் சொன்னேன். ஒரு சேனல் போட்டா அடுத்த மேட்ச்சு வேற சேனல்ல வருதாம். வீட்டுக்காரரு "இதுக்கு ஒரு ஆட்டுக்குட்டியே வாங்கியிருக்கலாம்"ங்கறாரு. எதைத்தான் போடறது? – அரூர் வாசகி

பதில்: அம்மா, மொதல்ல உங்க பொண்ணுக்கு என்னோட ஒரு சபாஷ். நவம்பர் 2ந் தேதி நவி மும்பைல தென்னாப்பிரிக்காவை 52 ரன்னுல ஜெயிச்சப்ப நானே எழுந்து நின்னுட்டேன், தீப்தி சர்மாவோட அஞ்சு விக்கெட்டு இருக்கே...

சரி, கணக்குக்கு வருவோம். யாரு மேட்ச் நடத்தறாங்களோ அவங்கதான் உரிமையை விக்கறாங்க, அதனாலதான் சேனல் மாறி மாறி வருது. உலகக் கோப்பை மாதிரி ஐசிசி போட்டிங்க 2024ல இருந்து 2027 வரைக்கும் ஸ்டார் கையில. ஐபிஎல்லும் டிவியில அங்கதான். இந்தியாவுல நடக்கற மேட்ச்சுங்களை 2023 செப்டம்பர்ல இருந்து 2028 மார்ச் வரைக்கும் வயாகாம்18ங்கற கம்பெனி வாங்கியிருந்துச்சு, 2024 நவம்பர்ல அதுவும் டிஸ்னி ஸ்டாரும் ஒண்ணா சேந்து ஜியோஸ்டார் ஆயிருச்சு, அதனால அதுவும் இப்ப ஸ்டார் ஸ்போர்ட்ஸ்லயே வருது. ஆசியக் கோப்பை சோனி, 2025ல இங்கிலாந்து டூர் டிவியில சோனி. ஆக முக்காவாசி ஒரே வீட்டுல இருக்கு. ஒண்ணே ஒண்ணுதான் போடுவேன்னா தமிழ் ஸ்டார் ஸ்போர்ட்ஸை வருஷம் பூராவும் வச்சுக்கங்க, சோனியை அந்த சீரிஸ் நடக்கற மாசத்துக்கு மட்டும் சேத்துட்டு முடிஞ்சதும் எடுத்துடுங்க. ஆனா எடுக்கச் சொல்றதை மறந்துடாதீங்க, சேக்கறப்ப ஓடி வர்றவங்க எடுக்கச் சொன்னா ரெண்டு நாளு ஃபோனை எடுக்க மாட்டாங்க.

பேக்கு நல்லதா தனியா எடுக்கறது நல்லதான்னு ஒரு பேப்பர்ல எழுதிக் கூட்டிப் பாருங்க. வீட்டுல நெசமாவே எத்தனை சேனல் பாக்கறீங்க? எங்க வீட்டுல எண்ணிப் பாத்தேன், ஒம்போது. காசு கட்டறது எழுவத்தி சொச்சத்துக்கு. சேனல் ரேட்டு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி தனியா வரும், 19 ரூபா சேனல் 22 ரூபா 42 பைசா. 2024 ஜூலைல இருந்து அந்த 130 ரூபா அடிப்படைக் கட்டணத்துக்கும் உச்சவரம்பு எடுத்துட்டாங்க, கம்பெனி அவங்களே நிர்ணயிச்சுக்கலாம், அதனால உங்க பில்லுல அது எவ்வளவுன்னு கேட்டு வாங்கிப் பாருங்க.

ஆட்டுக்குட்டி விஷயத்துல வீட்டுக்காரர் கணக்கு தப்பில்ல, ஆனா ஆட்டுக்குட்டி கவர் டிரைவ் அடிக்காது.

கேள்வி: ரிடையர்டு வாத்தியார். மகன் அமெரிக்காவுல டெக்சாஸ்ல இருக்கான். "அங்கெல்லாம் இந்த மாதிரி கூத்து இருக்காதேடா"ன்னேன், சிரிக்கறான். ஏன்? – கிருஷ்ணகிரி வாசகர்

பதில்: சிரிக்காம என்ன பண்ணுவார் ஐயா, இந்தக் கூத்துக்கு வாத்தியாரே அவங்கதான். 2023 ஆகஸ்ட் 31ல டிஸ்னிக்கும் சார்ட்டர்ங்கற பெரிய கேபிள் கம்பெனிக்கும் சண்டை வந்து, யுஎஸ் ஓபன் டென்னிஸ் நடந்துட்டிருக்கறப்பவே ஒன்றரைக் கோடி வீட்டுக்குப் பக்கமா டிஸ்னியோட ஸ்போர்ட்ஸ் சேனல் ஈஎஸ்பிஎன் போச்சு. செப்டம்பர் 11, திங்கக்கிழமை ராத்திரி ஃபுட்பால் மேட்ச் ஆரம்பிக்கறதுக்குச் சில மணி நேரம் முன்னாடி ராசியாயிட்டாங்க. நேரத்தைக் கவனிங்க! அடுத்த வருஷம் அதே செப்டம்பர்ல டைரக்ட்டிவி கூட ரெண்டு வாரம். 2025 அக்டோபர் 30ல யூடியூப் டிவி கூட, அதுவும் ரெண்டு வாரம், அவங்க காலேஜ் ஃபுட்பால் சீசன் உச்சத்துல. சனிக்கிழமை காலேஜ் ஃபுட்பால்னா டெக்சாஸ்காரங்களுக்கு உயிரு, நமக்கு எருது விடற விழா மாதிரின்னு வச்சுக்கங்க. மகன்கிட்ட கேளுங்க, அந்த ரெண்டு வாரம் பக்கத்து வீட்டுக்காரர் மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு.

ஒரே ஒரு வித்தியாசம், அங்க ரேட்டை அரசாங்கம் நிர்ணயிக்கறதில்ல, ரெண்டு கம்பெனியும் ரூமுக்குள்ள பேசிக்கும். இங்க பேக்குல போடற சேனல் ரேட்டுக்கு ட்ராய் உச்சவரம்பு போடுது, பட்டியல் போட்டு வெளிய வைக்கச் சொல்லுது, கேக்கற எல்லாருக்கும் பாரபட்சமில்லாம குடுன்னு சொல்லுது. அப்படியும் கட் ஆவுது, ஆனா நமக்கு 5, 6 நாள்ல முடிஞ்சுது.

கேள்வி: வத்தல்மலைல எங்க ஊருக்கு டவர் ஒரு கோடுதான் நிக்கும். பசங்க ஃபோன்ல பாருன்னு சொல்றாங்க. கேபிளை விட்டுடலாமா? டெலிகிராம்ல ஓசி லிங்க்கும் வருதாமே? – தர்மபுரி மாவட்ட வாசகர்

பதில்: ஒரு கோடு டவருக்கு ஸ்கோர் பாக்கலாம், மேட்ச் பாக்க முடியாது. 2023ல ஜியோசினிமா ஐபிஎல்லை ஓசில காட்டுச்சு, அந்த நெனப்புல நிறைய பேரு கேபிளைக் கழட்டிட்டாங்க. இப்ப ஜியோஹாட்ஸ்டார்ல கட்டணம். அதோட ஃபோன்ல வர்றது டிவிக்கு ஒரு பந்து பின்னாடியே ஓடும், டீக்கடையில "அவுட்டு"ன்னு கத்தினப்புறம் உங்க ஃபோன்ல பவுலர் ஓடி வருவான், அதைப் போல ஒரு சித்திரவதை கெடையாது. மலை மேல இருக்கறவங்களுக்கு டிஷ்தான் சரி, மழைக் காலத்துல அப்பப்ப போவும், மேகம் கறுத்தா சிக்னல் வராது, அதுக்கு யாரையும் திட்ட முடியாது. ஓசி லிங்க் வேணாங்க. அது திருட்டு, அது போவ, லிங்க்கைத் தொட்டுட்டு ஃபோன்ல இருந்த பேங்க் காசைத் தொலைச்சவங்க கதை கேட்டா மேட்ச்சே மறந்துரும்.

கேள்வி: நீங்க எல்லாரும் கேபிள்காரனைத்தான் கேள்வி கேப்பீங்க, கேபிள்காரன் யாரைக் கேப்பான்? 22 வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். ஒரு காலத்துல 600 கனெக்சன், இன்னைக்கு 180. சேனல் கட்டான அன்னைக்கு ஒருத்தர் கோவத்துல என் ஒயரையே வெட்டிப் போட்டுட்டாரு, அதுல நாப்பது வீடு போச்சு. – மொரப்பூர் பக்கம் ஒரு கேபிள் ஆபரேட்டர்

பதில்: அண்ணே, மொதல்ல நான் ஒரு மன்னிப்பு கேட்டுக்கறேன், உங்ககிட்ட இல்ல, எங்க தெரு கேபிள் அண்ணன்கிட்ட, அவரு இதைப் படிப்பாரு.

2023 மே 29, ஐபிஎல் ஃபைனல். முந்தின நாளு மழையில நடக்காம தள்ளிப் போட்டது. அன்னைக்கும் மழை. சென்னை பேட்டிங் ஆரம்பிச்சு மூணே பந்துல நின்னு போச்சு. நானும் பசங்களும் வேர்க்கடலையை அவிச்சு வச்சுக்கிட்டு உக்காந்திருக்கோம், குடையும் கவர் போட்டு மூடின கிரவுண்டுமாக் காட்டறாங்க. 15 ஓவர்ல 171னு மாத்தி, ராத்திரி 12 மணி 10 நிமிஷத்துக்கு மறுபடி ஆரம்பிச்சாங்க. எங்க வீட்டு டிவி 12 மணிக்கே நின்னு போச்சு! மொத்த சேனலும் இல்ல. அவ்வளவுதான், நான் ஃபோனைப் போட்டு அந்த அண்ணனைக் கேக்கக் கூடாததெல்லாம் கேட்டுட்டேன், கம்பெனிக்காரனோட சேந்து நாடகம் ஆடறியா, ஃபைனல் பாத்து கட் பண்றியான்னு. அவரு தூக்கக் கலக்கத்துல "சார், ஒரு நிமிஷம்"னாரு. பாத்துட்டுச் சொன்னாரு, "உங்க ரீசார்ஜ் இன்னைக்கு ராத்திரியோட முடியுது சார், ஒரு வாரமா மெசேஜ் வந்திருக்குமே". வந்துதான் இருந்துச்சு, நான் படிக்கல. அவரே தன் கைக்காசுல போட்டு விட்டாரு. அதனாலதான் கடைசி ரெண்டு பந்துல ஜடேஜா சிக்சும் ஃபோரும் அடிச்சதைப் பாத்தேன். காசை மறுநாளே குடுத்துட்டேன், மன்னிப்புதான் பாக்கி கெடந்துச்சு, இன்னைக்குத்தான் கேக்கறேன்.

உங்க கணக்கைப் படிக்கறவங்களுக்கும் சொல்லணும். அந்த அடிப்படைக் கட்டணத்தைப் பெரிய கம்பெனியும் லோக்கல் ஆபரேட்டரும் பேசிப் பிரிச்சுக்கலாம், பேச்சு முடியலைன்னா 55க்கு 45னு விதியில இருக்கு. 130 ரூபாய்க்கு 45 பங்குன்னா 58 ரூபா 50 பைசா. அதுல ஒயரு, கம்பத்துல ஏர்ற ஆளு, கரும்பு லாரி இழுத்துட்டுப் போனா திரும்பக் கட்டறது, ஒகேனக்கல் பக்கம்னா கொரங்கு கடிச்சது, எல்லாம். சேனல் காசுல கிடைக்கறது தனி, அதுவும் பெரிய தொகையில்ல. ரேட்டு சண்டையில உங்களை ஒரு வார்த்தை கேக்கறதில்ல, திட்டு மட்டும் உங்களுக்கு முழுசா வருது.

நீங்க செய்யக்கூடியது ரெண்டு மூணு இருக்கு. ஒப்பந்தம் நடப்புல இருக்கறப்ப சேனலை நிறுத்தணும்னா 3 வாரத்துக்கு முன்னாடி எழுத்துல நோட்டீஸ் குடுக்கணும்னு விதி. உங்க கம்பெனிகிட்ட அந்த நோட்டீஸை ஃபோட்டோ புடிச்சு வாங்குங்க, உங்க கஸ்டமர் வாட்ஸ்அப் குரூப்புல அன்னைக்கே போடுங்க, இன்ன தேதில இந்த சேனல் போவலாம், காரணம் இது, நான் இல்லன்னு. டாஸ் அன்னைக்குச் சொன்னா சாக்கு மாதிரி இருக்கும், 10 நாளு முன்னாடி சொன்னா தகவல். சேனல் வராத நாளுக்குக் காசைக் கழிச்சுக் குடுங்கன்னு கம்பெனிக்கு எழுதிக் கேளுங்க, கஸ்டமருக்கும் அதைக் காட்டுங்க. கம்பெனிக்கும் உங்களுக்கும் உள்ள தகராறுக்கு டெல்லில டிடிசாட்னு ஒரு தீர்ப்பாயம் இருக்கு, தனி ஆளாப் போறது கஷ்டம், சங்கமாப் போங்க. கஸ்டமருங்க தனித்தனியா நுகர்வோர் கமிஷனுக்குத்தான் போவ முடியும், அதுக்கு முன்னாடி நுகர்வோர் உதவி எண் 1915க்கு ஃபோன் போட்டுப் புகாரைப் பதிஞ்சு பாக்கலாம்.

ஒயரை வெட்டின ஆளு விஷயத்துல போலீஸ் கேசு வேணாம்னு தோணுது. அந்த நாப்பது வீட்டுல அவரு வீடும் ஒண்ணுதானே? மொதல்ல மத்த முப்பத்தொம்போதைச் சரி பண்ணுங்க.

கேள்வி: அடுத்த ஐபிஎல்லுக்காவது ஒழுங்கா சேனல் வருமா? ஒரே வார்த்தைல சொல்லுங்க. – காரிமங்கலம் வாசகர்

பதில்: வரும். ஆனா மொத மேட்ச்சுக்கு ஒரு வாரம் முன்னாடி உங்க பாக்ஸ்ல அந்த சேனல் நம்பரைப் போட்டு ஒரு தடவை பாத்துருங்க, ரீசார்ஜ் தேதியைக் காலண்டர்ல வட்டம் போட்டு வைங்க, எதுக்கும் டீக்கடைக்காரர்கிட்ட பழைய பாக்கியைக் குடுத்து முடிச்சிருங்க.